பந்து விழுந்த பிறகு

2006ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் ஹொய்லேக் ஊரிலுள்ள ராயல் லிவர்பூல் மைதானம் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. வெயில் புல்லைக் காயவைத்து, மண்ணை இறுக்கி, ஃபேர்வே என்ற ஆடுபாதை முழுவதையும் மஞ்சளாக்கி விட்டிருந்தது. அந்தத் தரையில் டைகர் வூட்ஸ் நான்கு நாள் ஓப்பன் கோல்ஃப் போட்டி ஆடினார். 72 குழிகளில் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை அவர் கையில் எடுத்தது ஒரே ஒரு தடவை, முதல் நாள் 16ஆம் குழியில். மற்றபடி பெரும்பாலும் இரண்டாம் எண் அயன்தான். தாழ்வாகப் பறந்து, சாய்வாக இறங்கி, பிறகு தரையோடு தரையாக ஓடிக்கொண்டே இருக்கும் அடி. ஃபேர்வேயின் பங்கர் எனும் மணல் குழிகளுக்கு முன்னாலேயே பந்தை நிறுத்திக்கொண்டார். குழியிருக்கும் கிரீனுக்கு இன்னும் 200 யார் மிச்சமிருக்கிறதே என்று அவர் கவலைப்படவில்லை. இரண்டாம் நாள் 14ஆம் குழியில் அவ்வளவு தூரத்திலிருந்து அடித்த நான்காம் எண் அயன் பந்து கிரீனில் விழுந்து உருண்டு குழிக்குள்ளேயே போய்விட்டது. கடைசியில் விதித்த அடிக்கணக்கான பாருக்கு 18 அடி குறைவாக முடித்துக் கோப்பையை எடுத்தார்.

அந்தக் காலத்தில் அவரைப் போல் பந்தைத் தூரம் அடித்தவர்கள் வெகு சிலர். அப்பேர்ப்பட்டவர் தன் பலத்தைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தரை என்ன சொல்கிறது என்று கேட்டு ஆடினார் என்பதுதான் அந்த வாரத்தின் அழகு. தரை இறுகினால் கோல்ஃப் வேறு ஆட்டம் ஆகிவிடுகிறது. பந்து காற்றில் இருக்கும் நேரம் ஆட்டத்தின் முதல் பாதி மட்டும். அது விழுந்த பிறகுதான் இரண்டாம் பாதி தொடங்குகிறது. ஈரத் தரையில் அந்த இரண்டாம் பாதி நடப்பதே இல்லை.

நான் இருக்கும் செட்டிபாளையம் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், குருக்கள்மடத்துக்கும் மாங்காட்டுக்கும் இடையில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல். கோல்ஃப் எங்கள் பக்கத்து ஆட்டமல்ல. கொழும்பில் 1879இல் தொடங்கிய கழகம் முதலில் காலிமுகத்திடலில் ஆடியது. 1896இல் பொரளைப் பக்கம் இடம்பெயர்ந்தது. 1928இல் ‘ரோயல்’ பட்டம் பெற்றது. நுவரெலியாக் கழகம் 1889இல் பிறந்தது. கிழக்கு மாகாணத்தில் என்றால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் மைதானம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் போதும். ஆனால் இந்த ஆட்டம் ஸ்கொட்லாந்தில் எந்த மாதிரி நிலத்தில் பிறந்ததோ, அந்த நிலத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்கிச் சொல்லவே தேவையில்லை. கடலோர மணல் திடல். மழை பெய்தால் நிற்காமல் கீழே இறங்கிவிடும் மண். மரம் குறைவு, காற்று கூடுதல். ஆடுகளும் முயல்களும் மேய்ந்து மேய்ந்து கட்டையாக்கிய புல். பயிர் வைக்க உதவாததால் ஊருக்குப் பொதுவாக விட்ட நிலம். எங்கள் பக்கத்தில் மாடு மேயும் தரவையும் இப்படித்தான்.

தரவையில் பந்து விளையாடி வளர்ந்தவர்களுக்குத் தரைக்கு மாதத்துக்கு ஒரு வேகம் உண்டு என்பது தெரியும். மாரியில் அடித்த பந்து விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வைகாசி ஆனி பிறந்து கச்சான் வீசத் தொடங்கினால், மேற்கிலிருந்து வாவியைத் தாண்டி வரும் அந்த வறட்டுக் காற்று சில வாரத்திலேயே தரையைக் காய்ச்சி இறுக்கிவிடும். அதன் பிறகு நான்கு ஓட்டத்தைத் தடுப்பதற்கு எல்லைக்கோட்டில் நிற்பவன் இரண்டு எட்டு முன்னதாகவே கிளம்ப வேண்டும். ஓப்பன் நடக்கும் ஜூலையும் எங்கள் கச்சான் காலமும் ஒன்று. அங்கே மாலை வெயிலில் கடைசிக் குழுக்கள் 18ஆம் குழியை நெருங்கும்போது இங்கே இரவு பத்து பதினொரு மணி. வெளியே தென்னோலை சரசரக்க, திரையில் ஒரு பந்து காய்ந்த தரையில் ஓடுவதைப் பார்ப்பது எனக்கு அந்நியமான காட்சியாகப் பட்டதே இல்லை.

பந்து தரையைத் தொடும் கணத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இதன் ருசி பிடிபடும். நனைந்த மண்ணில் பந்து விழும்போது மண் உள்வாங்கி ஒரு பள்ளம் உண்டாகிறது. பந்தின் முன்னோக்கிய வேகத்தில் பெரும்பகுதியை அந்தப் பள்ளத்தின் முன்சுவரே தின்றுவிடும். பின்னோக்கிச் சுழலும் ஸ்பின்னுக்கும் ஈரப் புல் நல்ல பிடிமானம் கொடுக்கிறது. உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையில் அடித்த பந்து நிமிடத்துக்கு ஒன்பதாயிரம், பத்தாயிரம் சுற்று சுழன்றுகொண்டு வரும். மெத்தென்ற கிரீனில் அது விழுந்தால் ஒரு துள்ளல் துள்ளி, சில சமயம் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும். இறுகிய தரையில் பள்ளமே விழுவதில்லை. மண் வளைந்து கொடுக்காததால் முதல் துள்ளல் உயரமாக, நீளமாக எழுகிறது. ஸ்பின் தன் வேலையைக் காட்டுவது இரண்டாவது, மூன்றாவது துள்ளலில்தான். அதற்குள் பந்து பத்து இருபது யார் கடந்திருக்கும். ஆகவே கொடியைக் குறி பார்த்து அடிப்பவன் தோற்பான். கொடிக்கு முன்னால், கிரீனுக்கும் முன்னால், ஃபேர்வேயில் ஒரு கையகல இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்து அங்கே பந்தை இறக்கி, மீதியைச் சரிவுக்கு ஒப்படைப்பவன் பிழைப்பான்.

இன்னொன்று, சற்று மறைவானது. தரை இறுகினால் ஃபேர்வே ஒடுங்கிவிடுகிறது. அளந்து பார்த்தால் அதே 30 யார் அகலம்தான். ஆனால் நீங்கள் குறுக்காக ஒரு கோணத்தில் அடித்த பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் இன்னும் 40 யார் ஓடினால், அந்த ஓட்டத்தின் முடிவில் ஃபேர்வே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நடுவில் விழுந்த பந்து ஓரத்து நீளப் புல்லான ரஃபில் போய்ப் படுத்துக்கொள்ளும். தரை வலப்பக்கம் சரிகிறது என்றால் இடப்பக்க ஓரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். பங்கர்களும் வளர்ந்துவிடுகின்றன. மணல் குழியின் வாய் சிறியதுதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள தரை குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், ஓடி வரும் பந்துக்கு அந்த வாய் மூன்று மடங்கு பெரிது. ஸ்கொட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் சில பங்கர்களைப் பார்த்தால் ஓர் ஆள் நிற்க இடமிருக்குமா என்று தோன்றும். வறண்ட வாரத்தில் அவை பந்துகளை எங்கிருந்தெல்லாமோ கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும்.

இப்படி யோசித்து ஆடுவதில் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தோம்சனை விஞ்சியவர் குறைவு. மெல்பேர்ணில் வளர்ந்து, அந்நகரின் மணற்பட்டை மைதானங்களில் ஆடியவர். 1954, 1955, 1956, 1958, 1965 என்று ஐந்து முறை ஓப்பன் வென்றார். தூரம் அடிப்பதில் அவருக்குப் பெரிய பேர் இல்லை. பந்தை எங்கே இறக்கினால் எங்கே போய் நிற்கும் என்ற கணக்கில்தான் அவர் வென்றார். நம் பிராந்தியத்துக்கும் அவர் வேண்டியவர். 1964இல் இந்தியன் ஓப்பன் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். அந்த முதல் போட்டியையும் வென்று, 1966இலும் 1976இலும் மீண்டும் வென்றார். இன்று இலங்கையின் என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்றவர்கள் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடுகிறார்கள். அவர்களின் ஆட்டத்தைப் பார்க்கக் கிடைத்தால், பந்து பறப்பதை விட்டுவிட்டு அது இறங்கிய பிறகு தலையை எந்தப் பக்கம் சாய்த்து அதைப் பின்தொடர்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள் என்று சொல்வேன்.

இறுகிய தரையின் இரக்கமின்மையை ஒரே அடியில் காட்டியது ஸ்கொட்லாந்தின் டர்ன்பெரியில் நடந்த 2009 ஓப்பன். டொம் வொட்சனுக்கு அப்போது 59 வயது. ஐந்து முறை ஓப்பன் வென்றவர், அதில் ஒன்று 1977இல் இதே மைதானத்தில் ஜாக் நிக்லஸை ஓர் அடியில் முந்திப் பெற்றது. முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 72ஆவது குழிக்கு வரும்போது ஓர் அடி முன்னிலையில் இருந்தார். பார் எடுத்தால் போதும். ஃபேர்வேயில் பந்து நன்றாகக் கிடந்தது. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து. எட்டாம் எண் அயனா, ஒன்பதாம் எண் அயனா என்ற இடத்தில் எட்டை எடுத்தார்.

அந்த அடியில் எந்தக் குறையும் கிடையாது. பந்து நேராகக் கொடியைப் பார்த்துப் போனது. கிரீனில்தான் விழுந்தது. மெத்தென்ற தரையாக இருந்தால் அங்கேயே இரண்டு துள்ளலில் அடங்கி, அறுபதை நெருங்கிய ஒரு மனிதர் ஓப்பன் வென்றார் என்று வரலாறு எழுதியிருக்கும். முதல் துள்ளல் சற்று வலுவாக எழுந்தது. பந்து கொடியைக் கடந்தது. ஓட்டம் தளரும் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, அது தளராமல் கிரீனின் பின்விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டது. அங்கிருந்து பந்தை உருட்டும் மட்டையான புட்டரால் மேலே தள்ளியது குழியைக் கடந்து போனது. திரும்பி வரும் புட் உள்ளே போகவில்லை. சமநிலையானதால் நடந்த நான்கு குழி பிளே-ஓஃபில் ஸ்டூவர்ட் சிங்க் எளிதாக வென்றார். எனக்கு வொட்சன் வெல்ல வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆனாலும் அந்தத் தரையைக் குறை சொல்ல மனம் வராது. அன்று வரை அவரை முன்னிலையில் வைத்திருந்ததும் அதே தரைதான். தன்னைவிட முப்பது வயது இளையவர்கள் காற்றில் அடிக்கும் தூரத்தை அவர் தரையின் ஓட்டத்தால் ஈடுகட்டினார். இளமையையும் அனுபவத்தையும் ஒரே கோட்டில் நிறுத்துவது இறுகிய தரை ஒன்றுதான். ஈரத் தரையில் அப்படி ஒரு வாரம் அவருக்குக் கிடைத்தே இருக்காது.

கிரீனின் வேகத்தை அளக்க ஒரு கருவி உண்டு, ஸ்டிம்ப்மீட்டர். 1935இல் ஓக்மொண்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் பார்க்கப் போன எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர், ஜீன் சாரசென் தள்ளிய புட் கிரீனை விட்டே ஓடி பங்கருக்குள் விழுவதைக் கண்டார். கிரீன் நியாயத்துக்கு மீறிய வேகத்தில் இருக்கிறதா, இல்லை அப்படித் தோன்றுகிறதா என்று அளந்து சொல்ல ஒன்றைச் செய்தார். இன்று புழங்குவது அலுமினியத்தில் செய்த, மூன்றடி நீளச் சட்டம். நடுவே வி வடிவப் பள்ளம், மேல்முனைப் பக்கத்தில் பந்தை வைக்க ஒரு வெட்டு. சட்டத்தை மெல்லத் தூக்கினால் சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாக விடுபட்டு உருளும். எத்தனை அடி உருண்டது என்பதே வேகம். ஒரு திசையில் மூன்று, எதிர்த்திசையில் மூன்று உருட்டிச் சராசரி எடுப்பார்கள். பெரிய போட்டிகளில் 12, 13 என்று கேட்கலாம். யாருடைய கைவேகமும் கலக்காமல் புவியீர்ப்பை மட்டும் வைத்து அளப்பதால் இதன் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தரையின் இறுக்கத்துக்குத் தனி அளவை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பேடன் கிளெக், வீதி போடும் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க 1970களில் ஒரு சுத்தியல் கருவி செய்தார். எடையைக் குழாய்க்குள் விழவிட்டு, எவ்வளவு சட்டென்று நிற்கிறது என்று பார்க்கும் கருவி. அது புல்தரைக்கும் வந்து சேர்ந்தது. வேகமும் இறுக்கமும் ஒன்றல்ல என்பதை மைதானம் பராமரிப்பவர்கள் நன்றாக அறிவார்கள். புல்லை ஒட்ட வெட்டி, உருளை ஓட்டினால் மெத்தென்ற கிரீனையும் வேகமாக்கிவிடலாம். இறுக்கம் அப்படி ஓரிரவில் வராது. அது மண்ணிலிருந்து வரவேண்டும். நிறத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. அமெரிக்காவின் ஒகஸ்டா நஷனல் தொலைக்காட்சியில் பச்சைப் பசேலென்று தெரிகிறது. ஆனால் அங்கே கிரீன்களுக்கு அடியில் குழாய் பதித்து, இயந்திரத்தால் ஈரத்தைக் கீழ்நோக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். மழை பெய்து சில மணி நேரத்தில் அந்தப் பச்சை மறுபடி இறுகிவிடும். கடலோர ஸ்கொட்லாந்தில் மணலும் காற்றும் செய்துவிடுகிற வேலையை அங்கே இயந்திரம் செய்கிறது.

எவ்வளவு காயவிடுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பது ஓர் அருங்கலை. அது கைதவறிப்போன நாள் 2004 ஜூன் 20. நியூயோர்க் மாநிலத்தின் ஷினகொக் ஹில்ஸில் யு.எஸ். ஓப்பனின் கடைசி நாள். ஏழாம் குழி சிறியது, பார் மூன்று. கிரீன் முன்னிருந்து பின்னாக, வலமிருந்து இடமாகச் சரியும். காற்றும் வெயிலும் அதைச் சுட்டெடுத்திருந்தன. முதல் குழுக்கள் மெதுவாகத் தள்ளிய புட்டுகள் கூட நிற்காமல் கிரீனை விட்டு வெளியே ஓடின. அதன்பிறகு குழுவுக்குக் குழு இடையே ஆட்டத்தை நிறுத்தி நீர் தெளித்தார்கள். அன்று ஒருவரும் பாரை உடைக்கவில்லை, சராசரி 78.7. ரெடீஃப் கூசன் 71 அடித்து வென்றார். அந்த நாளில் 71 அடித்ததை நான் எந்த 65க்கும் மேலாக வைப்பேன். ஒரே புட்டில் குழி முடிக்க வேண்டிய நிலைமை அவருக்கு மறுபடி மறுபடி வந்தது, அவர் மறுபடி மறுபடி முடித்தார். ஆனால் காலையில் வந்தவருக்கு ஒரு தரை, நீர் தெளித்தபின் வந்தவருக்கு வேறொரு தரை என்றாகிவிட்டால் ஆட்டம் கெட்டுப்போகிறது. நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் வித்தியாசம் காட்டுகிற வரைக்கும்தான் இறுக்கம் இறுக்கம். இரண்டையும் ஒரே மாதிரி துரத்திவிடத் தொடங்கினால் அது வெறும் கட்டாந்தரை.

ஆகவேதான் எனக்கு மைதானக்காரர்கள் மீது இவ்வளவு மதிப்பு. விடிய முன்னரே ஈரம் பார்க்கும் கருவியைக் கிரீனில் இடத்துக்கு இடம் குத்திக்கொண்டு நடப்பார்கள். காய்ந்து நீலம் பாரிக்கத் தொடங்கிய ஒரு திட்டுக்கு மட்டும் கைக்குழாயால் ஒரு வாய் தண்ணீர். பக்கத்தில் இருக்கும் புல்லுக்கு இல்லை, அது மாலை வரை தாங்கும். கிரீனுக்கு முன்னால் பந்து இறங்கி ஓட வேண்டிய இடத்தில் தெளிப்பான் தவறுதலாக நனைத்துவிட்டால் குழியின் பொருளே மாறிவிடும். பந்து அங்கே இறங்கி நின்றுவிடும், கிரீனோ கல்லாக இருக்கும். அடிப்பவனுக்கு வழியே இல்லை. கிரீனும் அதன் முன்வாசலும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். பார்வையாளர் கண்ணுக்குப் படாத இந்த ஒருமைப்பாட்டில்தான் ஆட்டத்தின் பாதி நயம் இருக்கிறது.

2014 யு.எஸ். ஓப்பனில், அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் அந்த ஒருமைப்பாடு கைகூடியது. ஸ்கொட்லாந்தின் டோர்னொக் ஊரிலிருந்து வந்த டொனால்ட் ரோஸ் 1907இல் அமைத்த மைதானம். 1930களின் நடுப்பகுதி வரை அங்கே கிரீன்களில் புல்லே இல்லை, மணல் பரப்பித்தான் ஆடினார்கள். இந்தியாவின் வறண்ட ஊர்களிலும் அப்படி மணலில் எண்ணெய் கலந்து இறுக்கிய ‘பிரவுன்’களில் பல தலைமுறை ஆடியிருக்கிறது. பைன்ஹர்ஸ்டில் பின்னாளில் நீரும் உரமும் கொட்டிப் பச்சையாக்கி, ரஃபை வளர்த்து, ஃபேர்வேயை ஒடுக்கி வைத்திருந்தார்கள். 2010இல் பில் கூர், பென் கிரென்ஷோ இருவரும் வந்து ரஃப் புல்லை அடியோடு பெயர்த்து எடுத்தார்கள். மணலையும் அங்கேயே விளையும் முரட்டுப் புல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீர்த் தெளிப்பான்களில் பாதிக்கு மேல் அகற்றினார்கள். ஃபேர்வேயின் நடுவில் மட்டும் நீர் படும். அங்கே பச்சை; ஓரத்துக்குப் போகப் போக வெளுத்து, மஞ்சளாகி, கபிலமாகி, மணலில் கரையும். மணலுக்கு நெருங்கிய அந்தக் காய்ந்த ஓரத்தில் பந்து இன்னும் வேகமாக ஓடும். நிறத்தைப் பார்த்தே தரையின் வேகத்தைப் படிக்கலாம்.

அந்த ஃபேர்வேயில் இருக்கும் புல் பெர்முடா. அதாவது நம் அறுகு. பிள்ளையாருக்குச் சாத்துகிற, தரவையில் மாடு கடித்துக் கடித்துத் தரையோடு படர்ந்திருக்கிற, கோடையில் செத்ததுபோல் காய்ந்து கிடந்து முதல் மழைக்குத் துளிர்க்கிற அதே இனம். மெல்பேர்ணின் மணற்பட்டை மைதானங்களும் ஃபேர்வேக்கு அறுகைத்தான் நம்புகின்றன. இறுகிய தரை என்பது குளிர்நாட்டுப் புல்லின் தனிச்சொத்து என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். மணல், அறுகு, வறட்டுக் காற்று மூன்றும் எங்கள் கரையில் தாராளமாக இருக்கின்றன.

பைன்ஹர்ஸ்டின் கிரீன்கள் கவிழ்த்து வைத்த சட்டியின் முதுகு மாதிரி. ஓரத்தில் விழுந்த பந்து எந்தப் பக்கமாவது வழுக்கிக் கீழே இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் ரஃப் கிடையாது, ஒட்ட வெட்டிய புல்தான். அங்கிருந்து என்ன செய்வது? வெட்ஜால் உயரத் தூக்கலாம், ஆனால் இறுகிய தரையில் மட்டை மயிரிழை பிசகினால் பந்து கிரீனைக் கடந்து மறுபக்கம் போகும். ஜெர்மனியின் மார்ட்டின் கைமர் வாரம் முழுக்க ஒரே விடை வைத்திருந்தார். புட்டரை எடுத்தார். கிரீனுக்கு வெளியே பல யார் தள்ளியிருந்தாலும் மேட்டின் மீது பந்தை உருட்டி ஏற்றினார். முதல் இரண்டு நாளும் 65, 65. கடைசியில் எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். அவரைத் தவிர இருவர்தான் பாருக்குக் கீழே முடித்தார்கள். அடுத்த வாரமே அதே தரையில் பெண்களுக்கான யு.எஸ். ஓப்பன் நடந்து, மிஷெல் வீ வென்றார். ஒரே மைதானம் இரு வாரம் தொடர்ந்து இரு பெரிய போட்டிகளைத் தாங்கியதற்கு அந்த வறண்ட, தாங்கும் தன்மையுள்ள தரையும் ஒரு காரணம்.

ஸ்கொட்லாந்தின் மியூர்ஃபீல்டில் நடந்த 2013 ஓப்பனுக்குப் பில் மிக்கல்சன் டிரைவரே இல்லாமல் வந்தார். கடைசி நாள் 17ஆம் குழியில், எதிர்க்காற்றில், மூன்றாம் எண் வுட்டால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடி. பந்து ஓடி ஏறிக் கிரீனில் நின்றது. 66 அடித்து வென்றார். மொத்தப் போட்டியில் பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவரே. 2018 ஓப்பனில் கார்னூஸ்டி மைதானத்தின் ஃபேர்வேகள் கிரீன்களைவிட வேகமாக ஓடின. பிரான்செஸ்கோ மொலினாரி கடைசி 37 குழிகளில் பாருக்கு ஓர் அடி கூடுதலான போகி ஒன்று கூட எடுக்காமல் வென்றார். இவற்றை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன், ஏனென்றால் செயின்ட் ஆண்ட்ரூஸின் 17ஆம் குழிக்குப் போக வேண்டும்.

அந்தக் கிரீனின் முன்னால் இடப்பக்கத்தில் ஒரு ஆழமான பங்கர் கிரீனுக்குள்ளேயே வாயை நீட்டிக்கொண்டு இருக்கிறது. பின்னால் வீதி, அதற்கப்பால் கல்மதில். கொடி பங்கருக்குப் பின்னால் இருந்தால் நேராக வழியில்லை. பங்கரைத் தாண்டி உயர அடித்தால் இறுகிய கிரீனில் நிற்காமல் வீதிக்குப் போய்விடும். 2022இல், 150ஆவது ஓப்பனின் கடைசி நாளில், கமரன் ஸ்மித் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். 10ஆம் குழியிலிருந்து தொடர்ந்து ஐந்து பேர்டி (பாருக்கு ஓர் அடி குறைவு) எடுத்து, அதுவரை முன்னிலையில் இருந்த ரோரி மக்கில்ரோயை முந்திவிட்டிருந்தார். இரண்டாவது அடி கிரீனுக்குக் குறுகி நின்றது. பந்துக்கும் கொடிக்கும் நடுவே பங்கர். அவர் புட்டரை எடுத்தார். குழியைப் பார்க்கவில்லை, பங்கரின் வலப்பக்கம் உள்ள மேட்டைப் பார்த்தார். பந்து மேட்டில் ஏறி, பங்கரின் தோளைச் சுற்றி வளைந்து, மறுபக்கச் சரிவில் இடப்பக்கம் திரும்பி, குழிக்குப் பத்தடி தள்ளி நின்றது. பார் புட்டையும் போட்டார். 64 அடித்து, பாருக்கு 20 குறைவாக முடித்து, ஓர் அடியில் ஓப்பன் வென்றார். அந்தப் பத்தடிப் புட்டுக்குத்தான் கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கு அதற்கு முந்திய அடிதான் பெரிது. ஓர் ஈரமான வாரத்தில் அந்தப் பாதையே அங்கே இருந்திருக்காது, பந்து மேட்டிலேயே களைத்து நின்றிருக்கும்.

இதற்கெல்லாம் மூத்த ஓர் அடி உண்டு. 1976 கோடையில் பிரித்தானியா முழுவதும் கொடும் வறட்சி. ராயல் பர்க்டேல் மைதானத்தில் ஓப்பன் நடந்துகொண்டிருக்கும்போதே புல் தீப்பிடித்தது. அந்த வாரம் ஸ்பெயினிலிருந்து வந்த 19 வயதுப் பையன் ஒருவன் மூன்று நாள் முன்னிலையில் இருந்து எல்லோரையும் திகைக்க வைத்தான். செவெரியானோ பயெஸ்தெரோஸ். பெத்ரேனா என்ற கடலோர ஊர்க்காரன். சிறுவயதில் அவனிடம் இருந்தது ஒரே ஒரு மூன்றாம் எண் அயன். அதை வைத்துக் கடற்கரை மணலில் கூழாங்கல்லை அடித்துப் பழகியவன். உயர அடிக்க வேண்டும், தாழ்வாக அடிக்க வேண்டும், நிறுத்த வேண்டும், ஓட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மட்டைதான்.

கடைசி நாள் ஆட்டம் குலைந்து, ஜொனி மில்லர் வெகு தூரம் முன்னே போய்விட்டார். 18ஆம் குழியில் பயெஸ்தெரோஸின் பந்து கிரீனுக்கு இடப்பக்கம் கிடந்தது. கொடிக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு பங்கர்கள், அவற்றுக்கு இடையில் ஓர் ஆள் நடந்து போகக்கூடிய மேட்டுப் பாதை. எவரும் வெட்ஜை எடுத்து இரண்டையும் தாண்டித் தூக்கியிருப்பார்கள். அன்றைய தரையில் தூக்கிய பந்து கொடிப் பக்கத்தில் நின்றிருக்காது. அவன் பந்தைத் தாழ்வாகத் தட்டினான். அது முன்னால் விழுந்து, காய்ந்த புல்லில் துள்ளி, அந்த ஒடுங்கிய பாதைக்குள் நுழைந்து, இரண்டு மணல் குழிகளுக்கும் நடுவே உருண்டு, மேட்டைத் தாண்டி இறங்கி, குழிக்கு நான்கடி தூரத்தில் வந்து நின்றது. புட்டைப் போட்டு, நிக்லஸோடு சேர்ந்து இரண்டாம் இடம் பெற்றான்.